‘தி சில்வர் பாக்ஸ்’: இலவசப் பிரதி போதுமா?

ஆங்கில எழுத்தாளர் ஜான் கால்ஸ்வொர்தியின் நாடகங்களில் முதலில் மேடை கண்டது இது. 1906 செப்டம்பரில், லண்டன் ராயல் கோர்ட் அரங்கில். முழுப் பிரதியும் பழைய நூல்களைத் தரும் குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. படித்து ரசிக்க அது தாராளமாகப் போதும். பாடம் நடத்தவோ மேடையேற்றவோ போதாது. காலச் சூழலை விளக்கும் குறிப்புகள் அதில் இல்லை.

எம்.பி. பார்த்விக்கின் மகன் ஜாக், குடிபோதையில் ஒரு பெண்ணின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புகிறான். கதவு திறக்க உதவிய ஜோன்ஸுக்கு வேலையில்லை. மனைவி அந்த வீட்டில்தான் வேலை செய்கிறாள். ஜாக் கொடுத்த விஸ்கி தலைக்கேற, வெள்ளி சிகரெட் பெட்டியையும் பையிலிருந்த பர்ஸையும் ஜோன்ஸ் எடுத்துப் போகிறான். ஜோன்ஸுக்கு ஒரு மாதக் கடுங்காவல். ஜாக் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறான். அவன் திருட்டு வெளியே வராமல் குடும்ப வக்கீல் ரோப்பர் பார்த்துக்கொள்கிறார்.

ஜோன்ஸுக்கு ஏன் வக்கீல் இல்லை? ஏழைக் கைதிகளுக்கான 1903 சட்டம் ஜூரி விசாரணைக்குப் போகும் வழக்குகளுக்கு மட்டுமே உதவியது. மாஜிஸ்திரேட் முன்னால் முடிந்துவிடும் வழக்குகளுக்கு இல்லை. வேலையிழந்தோருக்கான காப்பீடும் 1911இல்தான் சட்டமானது. இந்த இரண்டும் தெரியாமல் படித்தால், ஜோன்ஸின் கோபம் வெறும் குடிகாரன் கூச்சலாகத் தெரியும்.

பார்த்விக்கை வில்லனாக்கினால் நாடகம் படுத்துவிடும். அவர் லிபரல் கட்சிக்காரர், 1906 ஜனவரித் தேர்தலில் அமோக வெற்றி பெற்ற கட்சி அது. ஏழைகள்மேல் அவருக்குள்ள பரிவு நிஜம்தான். இரண்டாம் அங்கத்தின் முடிவைப் பாருங்கள். அம்மாவைத் தேடி வந்த ஜோன்ஸின் பையன் ஜன்னலுக்கு வெளியே அழுகிறான். கறாரான திருமதி பார்த்விக்கே இளகி, வழக்கை விட்டுவிடலாம் என்கிறாள். அது நம் கையில் இல்லை என்கிறார் பார்த்விக். மறுபடி அழுகை கேட்கும்போது அவர் காதைப் பொத்திக்கொள்ள, பட்லர் ஜன்னலைச் சாத்துகிறான். நாடகத்திலேயே வலுவான இடம் இது. இங்கே நடிப்பைக் கூட்டவே கூடாது.

மேடைச் செலவு குறைவு: சாப்பாட்டு அறை, ஜோன்ஸ் குடியிருக்கும் அறை, கோர்ட் என மூன்றே செட். கோர்ட் காட்சி லிவன்ஸ் என்பவரின் இரு சிறுமிகளின் வழக்கோடு தொடங்குகிறது, அவரும் வேலையில்லாதவர். கதைக்குச் சம்பந்தமில்லை என்று அதை வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள். ஜோன்ஸ் போன்றவர்கள் அந்தக் கோர்ட்டுக்குத் தினமும் வருகிறவர்கள் என்பது அதில்தான் புரிகிறது.