ஏழாம் மாதத்தில் மருத்துவரை மாற்றிய அனுபவம்: இரண்டு ஆண்டுகள் கழித்து

என் இரண்டாவது மகளுக்கு இப்போது இரண்டு வயது. அவளைச் சுமந்திருந்தபோது 29ஆவது வாரத்தில் மருத்துவமனையை மாற்றினேன். மாறிய இடத்திலும் பிரசவம் சிசேரியனில்தான் முடிந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுகப்பிரசவம் ஆனதா இல்லையா என்பதை மட்டும் வைத்து இந்த முடிவை எடைபோடுபவர்களுக்கு நான் எழுதுவது பயன்படாது.

முதல் குழந்தை தலை திரும்பாமல் இருந்ததால் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லாததால், இரண்டாவது முறையும் அதே மருத்துவரிடமே போனேன். இந்த முறை சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்று நான்காம் மாதத்திலிருந்தே கேட்டுவந்தேன். ஒவ்வொரு முறையும் "அதெல்லாம் அப்போ பாத்துக்கலாம்மா" என்ற பதில்தான் கிடைத்தது. அவர் அன்பாகச் சொன்னதாலேயே மேற்கொண்டு வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. 27ஆவது வாரத்தில் எனக்கு ரத்த அழுத்தம் பார்த்த செவிலியர்தான், முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு அங்கே வலி வரும்வரை காத்திருக்கும் வழக்கமே இல்லை என்றும், இரவில் மயக்க மருந்து நிபுணரை வெளியிலிருந்துதான் வரவழைக்க வேண்டும் என்றும் சொன்னார். அது நியாயமான காரணம். அவசர அறுவை சிகிச்சைக்கு உடனடி வசதி இல்லாத இடத்தில் இப்படிப்பட்ட முயற்சியில் இறங்கவே கூடாது. ஆனால் அதை மருத்துவரே நான்காம் மாதத்தில் சொல்லியிருந்தால் நிதானமாக யோசிக்க அவகாசம் கிடைத்திருக்கும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

உடனே விலகிவிடவில்லை. பழைய இடத்துப் பரிசோதனைகளை விடாமல், வேறொரு மருத்துவமனைக்கு ஆலோசனைக்காக மட்டும் ஒருமுறை போனேன். மாறலாமா என்று தவிப்பவர்கள் அனைவரிடமும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். அந்த மருத்துவர் என் டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி, வரிக்கு வரி விரலை ஓட்டிப் படித்துவிட்டு, "கருப்பையில எப்படி வெட்டினாங்கன்னு இதுல இல்லையேம்மா" என்றார். வயிற்றின்மேல் தெரியும் தழும்பை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாதாம். கருப்பையின் கீழ்ப்பகுதியில் கிடைவாக்கில் வெட்டியிருந்தால் முயலலாம், மேற்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால் வலிக்குக் காத்திருப்பதே ஆபத்து என்று விளக்கினார். அதற்கான ஆபரேஷன் நோட்ஸின் நகலைப் பெற நான் மூன்று முறை அலைய வேண்டியிருந்தது. கீழ்ப்பகுதி வெட்டு என்று உறுதியான பிறகுதான், என்னைப்போல் ஒரே ஒரு சிசேரியன் ஆனவர்கள் முயன்றால் ஏறத்தாழ நான்கில் மூவருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது என்பதையும், ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குப் பழைய தழும்பு பிளந்துகொள்ளும் ஆபத்து உண்டு என்பதையும் சேர்த்தே சொன்னார். நல்லதைச் சொன்ன அதே வாயால் ஆபத்தையும் சொன்னவரிடம் எனக்கு நம்பிக்கை பிறந்தது. அந்த வாரமே மாறினேன்.

மாறியதில் சிரமமும் இருந்தது. என் ரத்தம் நெகட்டிவ் வகை என்பதால், குழந்தையின் ரத்த அணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) என் உடலில் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை 28ஆவது வாரத்தில் பழைய மருத்துவமனையில் போட்டிருந்தார்கள். அதை ஃபைலில் எழுத மறந்துவிட்டார்கள். புதிய இடத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் இருப்பதாக வந்ததும், அது என் உடலிலேயே உருவாகிக் குழந்தையின் ரத்த அணுக்களைத் தாக்குமோ என்று ஒரு நாள் முழுவதும் பதறிப்போனோம். பழைய இடத்து ஊசிப் பதிவேட்டில் தேதியைத் தேடிப்பிடித்த பிறகே, ஊசியின் மருந்தே ஒருவகை எதிர்ப்பொருள் என்பதால் அதுதான் பரிசோதனையில் தெரிந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். மாறுகிறவர்கள் ஸ்கேன் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் போதாது. முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேனின்படி கணித்த பிரசவத் தேதி, ரத்த வகை, போட்ட ஊசிகளின் தேதி, பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பு ஆகிய அனைத்தும் கையில் இருக்க வேண்டும்.

காத்திருக்கும் நேரம் அதிகம், வரவேற்பறையில் சிடுசிடுக்கிறார்கள் என்பதற்காக மட்டும் மாற வேண்டாம் என்பது என் கருத்து. அத்தகைய குறைகள் புதிய இடத்திலும் இருக்கும். 36 வாரத்துக்குப் பிறகு புதிதாகச் சேர்த்துக்கொள்ளப் பல இடங்களில் தயங்குகிறார்கள் என்பதால், சேர்த்துக்கொள்வதாகப் புதிய மருத்துவர் உறுதி சொல்லும்வரை பழைய இடத்தை விட்டுவிடக் கூடாது.

39ஆவது வாரத்தில் வலி தானாகவே வந்தது. கருப்பை வாய் 7 சென்டிமீட்டர் திறந்த பிறகு நான்கு மணி நேரம் எந்த முன்னேற்றமும் இல்லை. குழந்தையின் இதயத்துடிப்பு சீராகத்தான் இருந்தது. மருத்துவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இன்னும் காத்திருந்தால் தழும்புக்கு என்ன ஆகலாம் என்பதையும், இப்போதே அறுவை சிகிச்சை செய்தால் அடுத்த கர்ப்பத்துக்கு என்ன பொருள் என்பதையும் எங்கள் இருவருக்கும் புரியும்படி சொன்னார். சம்மதம் என்று நான்தான் சொன்னேன். முதல் பிரசவத்தில் கையெழுத்து மட்டும் போட்ட எனக்கு, அந்தப் பத்து நிமிடப் பேச்சு எவ்வளவு பெரியது என்பதை இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் உணர்கிறேன்.

குழந்தையின் ரத்தம் பாசிட்டிவ் வகை என்று தெரிந்ததும், 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஆன்டி-டி ஊசியை மறுநாளே போட்டார்கள். ஊசியின் பெயரையும் தேதியையும் நேரத்தையும் என் கண்ணெதிரே ஃபைலில் எழுதச் சொல்லி, ஆபரேஷன் நோட்ஸின் நகலையும் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே வீட்டுக்குக் கிளம்பினேன்.