ஈஸ்ட்ரோஜன் ஜெல்லுடன் நான்கு வருடங்கள்

மாதவிலக்கு நிற்கும் காலம் நெருங்கி, அது தாறுமாறாக வரத் தொடங்கியபோது எனக்கு 47 வயது. சென்னையில் கத்திரி வெயில் நேரம். நெஞ்சிலிருந்து முகம்வரை குப்பென்று சூடு ஏறி, ரவிக்கை தொப்பலாக நனையும்போதெல்லாம் வெயிலைத்தான் திட்டினேன். மார்கழி விடியலில் கோலம் போடும்போதும் அதே வேர்வை வந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. அதைவிடக் கொடுமை, விலக்குக்கு முந்தைய பத்து நாள். காரணமே இல்லாமல் மகளிடம் எரிந்து விழுவேன். அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டதும் அழுவேன்.

முதலில் பார்த்த மருத்துவர், "இந்த வயதில் எல்லாருக்கும் வருவதுதானே அம்மா" என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். ஒரு வருடம் வீணானது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்தவர் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), ஸ்கேன் எல்லாம் பார்த்தார். தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் துகளைப் பற்றிக் கேட்டேன். பல மாதம் வேலை செய்யும், ஆனால் ஒத்துக்கொள்ளாவிட்டால் உடனே நிறுத்த வழியில்லை என்றார். அக்காவுக்குக் காலில் ரத்தம் உறைந்ததுண்டு என்பதால், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை மாத்திரையாக விழுங்குவதும் வேண்டாம், தோலில் தடவுவதே நல்லது என்று ஜெல் கொடுத்தார். பம்பை ஓர் அழுத்து அழுத்தினால் 0.75 மில்லிகிராம் மருந்து, தினமும் இரண்டு அழுத்து. கூடவே, கர்ப்பப்பையின் உட்சுவரைக் காக்க, மாதத்தில் 12 இரவு 200 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் ஜெல் லேசில் காயாது. குளித்துத் துடைத்து, கையில் தடவி, மின்விசிறிக்கு அடியில் நிற்பேன். தங்கையின் குழந்தை ஓடிவந்தாலும் காயும்வரை தூக்க மாட்டேன்; மருந்து பிள்ளையின் தோலில் ஒட்டக் கூடாது.

மூன்றாம் வாரம் சூடு தணிந்தது. மூன்று மாதத்தில் இரவுத் தூக்கம் திரும்பியது. மூட்டுவலி மட்டும் அப்படியே இருக்கிறது.

புரோஜெஸ்டிரோன் இரவுகளில்தான் பழைய எரிச்சல் தலைகாட்டியது. பொறுக்காமல், யாரையும் கேட்காமல் அதை மட்டும் நான்கு மாதம் விட்டுவிட்டேன். கர்ப்பப்பை உள்ளவர்கள் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியாகப் போனால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். புற்றுநோயில்கூடக் கொண்டுபோய் விடலாம். எனக்கு ஸ்கேனில் தடிப்பு தெரிந்தது. பயாப்ஸி (சிறு திசுவை எடுத்துச் சோதிப்பது) எடுத்து, பயமில்லை என்று முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை.

உண்மையைச் சொன்னபோது மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. அதே மருந்தைப் பிறப்புறுப்பு வழியாக வைக்கச் சொன்னார். எரிச்சல் பாதிக்கு மேல் குறைந்தது. அந்த 12 இரவுகளையும் சமையலறைக் காலண்டரில் இப்போது மகள்தான் வட்டமிட்டு வைக்கிறாள்.