போனஸா, சம்பளமா, விசாவா: பிரிட்டன் பார்த்த மூன்று வழிகள்

முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் கவனித்துக்கொள்ளப் போதிய ஆள் கிடைக்காதது பிரிட்டனில் நெடுநாள் தலைவலி. 2021-22இல் அது உச்சத்துக்குப் போனது. இங்கிலாந்தில் மட்டும் சுமார் 1,65,000 இடங்கள் காலி. பத்து வேலைக்கு ஒன்றில் ஆள் இல்லை. சூப்பர் மார்க்கெட்டும் ஆன்லைன் கிடங்கும் இந்த வேலையைவிடக் கூடுதல் சம்பளம் தரும்போது, இரவு பகலாக இன்னொருவரைக் குளிப்பாட்டவும் தூக்கி உட்காரவைக்கவும் யார் வருவார்கள்?

பராமரிப்புத் துறையைப் பிரிட்டனின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாக நடத்துகிறது. இங்கிலாந்து முதலில் எடுத்தது அவசர நிதி. 2021 அக்டோபரில் 16.25 கோடி பவுண்ட், டிசம்பரில் மேலும் 30 கோடி. கவுன்சில்கள் எனப்படும் உள்ளாட்சி அமைப்புகள் மூலம் பராமரிப்பு நிறுவனங்களுக்குப் போய், 2022 மார்ச்சுக்குள் செலவாகிவிட வேண்டும். ஓவர்டைம், போனஸ், ஆள்சேர்ப்பு விளம்பரம் என்று பலவற்றுக்கும் இடம் இருந்தது. குளிர்கால நெருக்கடியைத் தாண்ட உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நிறுவனம் நடத்துபவர் நிலையில் இருந்து பாருங்கள். மார்ச்சோடு நின்றுவிடும் பணத்தை நம்பி யாராவது சம்பளத்தை உயர்த்துவார்களா? ஏப்ரலில் அதை யார் கொடுப்பது? அதனால் போனஸாகக் கொடுப்பதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. வாங்கியவர் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த மாதமே கிடங்கு வேலைக்கு மனுப் போடலாம்.

ஸ்காட்லாந்து வேறு வழியில் போனது. பெரியவர்களுக்கான பராமரிப்பில் நேரடியாக வேலை செய்பவர்களின் அடிப்படைக் கூலியையே அரசுப் பணத்தால் உயர்த்தியது. 2022 ஏப்ரலில் மணிக்கு 10.50 பவுண்ட், பிரிட்டன் முழுதுக்கும் சட்டப்படியான குறைந்தபட்சம் அப்போது 9.50. ஒரு பவுண்ட் வித்தியாசம் என்பது வேலையை விடலாமா என்று யோசிப்பவரை நிறுத்திவைக்கக்கூடிய தொகைதான். மாதாமாதம் வரும் என்ற நம்பிக்கை வேறு. என்னைக் கேட்டால் மூன்றில் இதுதான் உருப்படியானது.

ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. 2025 ஏப்ரலில் ஸ்காட்லாந்துக் கூலி 12.60, சட்டப்படியான குறைந்தபட்சம் 12.21. ஒரு பவுண்டாக இருந்த இடைவெளி 39 பென்ஸாகச் சுருங்கிவிட்டது. இன்னொன்று, தரையை மட்டும் உயர்த்தினால் அதற்கு மேலே இருப்பவர்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். இங்கிலாந்தில் ஐந்து ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் மணிக்குச் சில பென்ஸ்தான் வித்தியாசம். பழகிய கைகளைத் தக்கவைக்கும் லட்சணமா இது?

வேல்ஸ் இரண்டையும் கலந்தது. 2022இல் கூலியையும் உயர்த்தி, ஒருமுறைத் தொகையாக 1,498 பவுண்டும் தந்தது. பெரும்பாலானோருக்கு வரிப் பிடித்தம் போக ஏறத்தாழ 1,000 கையில் வரும் என்று கணக்கிட்டுப் போட்ட தொகை அது.

மூன்றாவது வழி, விசா. அரசுக்குப் பைசா செலவில்லை. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டுப் பராமரிப்பு ஊழியர்களுக்குக் கதவு திறந்தது. 2023-24இல் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டிலிருந்து வந்து இங்கிலாந்தில் வேலையில் சேர்ந்தார்கள். காலியிடங்கள் 1,31,000 ஆகக் குறைந்தன. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இதுதான் வெற்றி. ஆனால் செலவு இல்லாமல் போகவில்லை, வந்தவர் தலையில் விழுந்தது. ஏஜென்ட்டுக்குக் கடன் வாங்கிக் கட்டியவர்கள், வந்து இறங்கிய பிறகு சொன்ன அளவுக்கு வேலை நேரம் கிடைக்காதவர்கள், வெளிநாட்டு ஆளெடுக்க நிறுவனத்துக்கு இருந்த ஸ்பான்சர் உரிமம் ரத்தானதால் தெருவில் நின்றவர்கள் என்று பட்டியல் நீளும். 2024 மார்ச்சில் குடும்பத்தை அழைத்துவரத் தடை வந்தது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆளெடுப்பதும் நின்றது.

சரி, மணிக் கூலி உயர்ந்துவிட்டால் போதுமா? வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஒருவரின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 7 மணிக்குக் கிளம்பி மாலை 5 வரை வெளியில். அரை மணி, கால் மணி என்று வீடுகளில் 6 மணி நேரம், பயணம் 1 மணி நேரம். நல்ல நிறுவனமாக இருந்து பயணத்துக்கும் கொடுத்தாலும் 7 மணி நேரத்துக்குத்தான் கூலி. காலைச் சுற்றுக்கும் மதியச் சுற்றுக்கும் நடுவே காரில் உட்கார்ந்திருந்த 3 மணி நேரத்துக்கு எதுவும் இல்லை. 12.60 பவுண்ட் வீதம் 88.20. வெளியில் இருந்த 10 மணி நேரத்துக்கு வகுத்தால் 8.82. மேலே சொன்ன மூன்று வழிகளில் எதுவுமே இந்த இடைவெளியைத் தொடவில்லை. கவுன்சில்கள் நிமிடக் கணக்கில் சேவை வாங்குவதை நிறுத்தி, முழு ஷிஃப்டாக வாங்கினால்தான் இது மாறும். அதற்குக் கூடுதல் பணம் வேண்டும்.

இங்கிலாந்து இப்போது தொழிற்சங்கங்களும் நிறுவனங்களும் உட்கார்ந்து பேசிக் கூலியை முடிவுசெய்யும் நியாய ஊதிய ஒப்பந்தத்துக்குத் தயாராகிறது. 2028இல் தொடங்கும் என்று சொல்லி 50 கோடி பவுண்ட் அறிவித்திருக்கிறார்கள். பெரிய தொகைதான். ஆனால் அங்கே இந்தத் துறையில் சுமார் 16 லட்சம் வேலைகள். வகுத்தால் ஒரு வேலைக்கு ஆண்டுக்கு 310 பவுண்டுச் சொச்சம், வாரத்துக்கு 6 பவுண்ட். அதிலும் ஊழியருக்காக நிறுவனம் அரசுக்குக் கட்ட வேண்டிய தேசியக் காப்பீட்டுத் தொகை கழிந்துதான் ஊழியர் கைக்கு வரும்.