ஜனவரியில் மொத்த வெளியீடா, மாதத்துக்கு ஒரு புத்தகமா?

டிசம்பர் பாதியைக் கடந்தால் போதும், சிறு பதிப்பகங்களின் புது வெளியீட்டு அறிவிப்புகள் குவியத் தொடங்கிவிடும். ஒரே படத்தில் பன்னிரண்டு அட்டைகள், அடியில் ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியின் அரங்கு எண். எந்த நூல் எதைப் பற்றியது என்பதற்கு ஒரு வரி இருக்காது. மெய்ப்புத் திருத்துவது என் தொழில் என்பதால் அந்த நூல்களில் சிலவற்றை வரிவரியாகப் படித்திருப்பேன். நல்ல புத்தகங்கள் அந்த நெரிசலில் பெயர் தெரியாமல் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஆனாலும் ஜனவரியை நம்புகிறவர்களின் கணக்கில் நியாயம் இருக்கிறது. ரூ.200 விலையுள்ள நூலைக் கடைக்குக் கொடுத்தால் 35 முதல் 40 விழுக்காடு வரை கழிவு போய்விடும். மீதி ரூ.120, ரூ.130 கைக்கு வரப் பல மாதங்கள் ஆகலாம். புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1977 முதல் நடத்திவரும் சென்னைப் புத்தகக் காட்சியில் கழிவு 10 விழுக்காடுதான். ரூ.180 அன்றே கல்லாவில் விழும். அரங்க வாடகையும் ஆள் கூலியும் போனாலும் அச்சகக் கடனில் ஒரு பகுதியை அடைத்துவிடலாம். வெளியூர் வாசகர்கள் வருகிறார்கள், எழுத்தாளர் அரங்கிலேயே நின்று கையெழுத்துப் போடுகிறார். சிறு பதிப்பாளருக்கு இது ஆண்டுக்கு ஒரு முறை கிடைக்கும் பெரிய மூச்சு.

அந்த மூச்சுக்குப் புத்தகம் கொடுக்கும் விலைதான் என் கவலை. எல்லாப் பதிப்பகங்களும் ஒரே நேரத்தில் அச்சகத்துக்கு ஓடுகின்றன. இறுதி மெய்ப்பு ஒரே இரவில் முடிய வேண்டும் என்கிறார்கள். அதிகம் அடிபடுவது மொழிபெயர்ப்பு நூல்தான். மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலைதான் முதலில் கைவிடப்படுகிறது. இத்தனை அவசரப்பட்டு வந்த நூல், சுமார் 900 அரங்குகளுக்கு நடுவே போய் உட்காருகிறது. பன்னிரண்டும் ஒன்றாக வந்தால் மதிப்புரை எழுதுபவர் இரண்டைத்தான் கையில் எடுப்பார்.

மாதத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டால் நூல் வருமுன்பே வாசகரிடம் பணம் வாங்கும் முன்வெளியீட்டுத் திட்டத்துக்கு உயிர் வருகிறது. 20 விழுக்காடு கழிவு கொடுத்து ரூ.160 என்று முன்பதிவு வாங்கினாலும் கடைக்குக் கொடுப்பதைவிட லாபம். பணமும் அச்சடிக்கும் முன்பே வந்துவிடும். எத்தனை பிரதி அடிக்கலாம் என்பதையும் முன்பதிவே சொல்லிவிடும். வழக்கமான டெமி அளவில் 160 பக்கம் என்றால், பதினாறு பக்கம் கொண்ட பத்து ஃபாரம். ஆஃப்செட்டில் அதற்கான பிளேட் (அச்சுத் தகடு) செலவு, நூறு பிரதி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் ஒன்றுதான். அதனால் சில நூறு பிரதிகளாவது அடித்தால்தான் கட்டுப்படியாகும். டிஜிட்டல் அச்சில் ஒரு பிரதியின் அடக்கவிலை கூடும், ஆனால் நூறு அடித்து, தீர்ந்ததும் மறுபடி நூறு அடிக்கலாம். புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பது உண்மை. ஆனால் அச்சுக்கூலிக்கு உண்டு, கட்டிய வரியைப் பதிப்பாளர் திரும்பப் பெறவும் முடியாது. கிடங்கில் தூங்கும் ஒவ்வொரு பிரதியிலும் அந்த வரியும் சேர்ந்து முடங்கிக் கிடக்கிறது.

இந்த வழியின் பலவீனம் தபால். நூல்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப உதவிய பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டபோது சிறு பதிப்பகங்கள் திணறிப்போயின. 2025 மே மாதம் வந்த அஞ்சல் துறையின் புத்தகச் சேவை ‘ஞான் போஸ்ட்’ 300 கிராம் வரை ரூ.20 என்று தொடங்குவது ஓரளவு ஆறுதல்.

ஜனவரியை விட்டால் பிழைப்பே இல்லை என்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். ‘எழுத்து’ இதழை நடத்திய எழுத்தாளர் சி. சு. செல்லப்பா தம் எழுத்து பிரசுர நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். க்ரியா பதிப்பகம் தொடங்கியது 1974இல், சென்னைப் புத்தகக் காட்சிக்கும் முன்பு. நூல்களின் எண்ணிக்கையைப் பெருக்காமல் செம்மையாக்கத்துக்கு நேரம் கொடுத்தே அது பெயர் எடுத்தது.

பிரித்து வெளியிடுவதே சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டு வகை நூல்களுக்கு மட்டும் விலக்கு தரலாம். ஆயிரம் பக்க நாவலைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்காமல் வாங்கத் தயங்குவார்கள். குழந்தைகளுக்கான வண்ணப் புத்தகமும் அப்படித்தான். இவற்றை ஜனவரிக்கு வைத்துக்கொள்ளலாம். கொங்கு வட்டார நூல் என்றால் ஜூலையில் கோவைக் காட்சி, ஆகஸ்டில் ஈரோட்டுத் திருவிழா இருக்கின்றன. அரசு நூலகங்களுக்கு நூல் வாங்கும் நூலக ஆணையை நம்பி எந்த மாதத்தையும் திட்டமிட வேண்டாம், வரும்போது வரட்டும்.

ஒரு நூலுக்கு ஒரு மாதம் கிடைத்தால் அறிவிப்பையும் ஒழுங்காக எழுதலாம். பக்கமும் விலையும் வேண்டும், முதல் அத்தியாயத்தைப் படிக்கக் கொடுக்க வேண்டும், பதிப்பாளர் இந்த நூலை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதை அவர் வாயாலேயே நான்கு வரி சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பு என்றால் எந்த மொழியிலிருந்து, மூலத்திலிருந்தா ஆங்கிலம் வழியாகவா என்பதை மறைக்காமல் போடுங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயர் அட்டையின் முகப்பிலேயே இருக்கட்டும்.