டைம் அவுட் கேட்டால் எதிராளி உறைந்துபோவாரா? பாளையங்கோட்டை இரண்டு நாள் பயிற்சி முகாம் பற்றி

வாலிபால் ஆட்டம். மூன்றாவது செட், 13-13, சர்வீஸ் எங்கள் கையில். போடப் போனவள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. அன்று காலையிலிருந்து அவள் போட்ட பந்தை எடுக்க முடியாமல் எதிர்ப்பக்கம் திணறிக்கொண்டிருந்தது. பந்தைத் தரையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு அவள் நிமிரவும், அந்தப் பக்கத்து மாஸ்டர் டைம் அவுட் கேட்டு ஆட்டத்தை நிறுத்தினார். முப்பது விநாடி கழித்துத் திரும்பப் போய்ப் போட்டாள். பந்து நெட்டில் விழுந்தது. அடுத்த பாயிண்டும் போய் 13-15. குறுவட்டப் போட்டியோடு எங்கள் வருஷம் முடிந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "நாந்தான் டீச்சர் தோக்க வச்சிட்டேன்" என்று திசையன்விளை வரும்வரை அழுதாள்.

நான் அந்தப் பிள்ளைகளின் உடற்கல்வி ஆசிரியை. வாலிபால் சொல்லிக்கொடுத்து பதினோரு வருஷம் ஆகிறது. அந்த முப்பது விநாடி அவளை என்ன செய்தது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. அதனால்தான் வாட்ஸ்அப்பில் "எதிரணியை உறையவைக்கும் டைம் அவுட்: பயிற்சியாளர்களுக்கான இரண்டு நாள் முகாம், பாளையங்கோட்டை" என்று நோட்டீஸ் வந்ததும் யோசிக்காமல் பணம் கட்டினேன். கட்டணம் 1,500 ரூபாய். இரண்டு நாள் மதியச் சாப்பாடும் சான்றிதழும் அதிலேயே அடக்கம். நடத்தியவர்கள் பெயர் இங்கே வேண்டாம். குறைகளும் சொல்லப் போகிறேன், அடுத்த முறை அவர்கள் திருத்திக்கொண்டால் போதும்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மூலைக்கரைப்பட்டி வழியாக வந்து ஒன்பது மணிக்கு மண்டபத்தில் இருந்தேன். முப்பது பேர் போல வந்திருந்தோம். கபடி, கால்பந்து, வாலிபால், கோ-கோ என்று எல்லா விளையாட்டுக்காரர்களும் கலந்து இருந்தார்கள். பெண்கள் நான்கே பேர்.

பயிற்சி கொடுத்த தம்பிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பேச்சு தெளிவு, குரல் கடைசி வரிசை வரை கேட்டது. அவர் தொடங்கியது நம் விளையாட்டு எதிலிருந்தும் இல்லை, அமெரிக்கன் ஃபுட்பாலிலிருந்து. முதலில் எனக்கு ஒட்டவில்லை. அரை மணி நேரத்தில் ஒட்டிக்கொண்டது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த ஆட்டத்தில் ஃபீல்டு கோல் என்று ஒன்று உண்டு. 18 அடி 6 அங்குல இடைவெளியில் இரண்டு கம்பங்கள், நடுவே பத்தடி உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பி. அதற்கு மேலே, இரண்டு கம்பத்துக்கும் நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் மூன்று புள்ளி. ஒருவர் பந்தைப் பின்னால் எறிவார், இன்னொருவர் அதைப் பிடித்துத் தரையில் நிறுத்துவார், கிக்கர் ஓடிவந்து உதைப்பார். எல்லாம் ஒன்றரை விநாடிக்குள் முடிந்துவிடும். ஆட்டத்தின் கடைசி நொடிகளில் வெற்றி தோல்வி அந்த ஓர் உதையில் தொங்கும்போது, எதிரணிப் பயிற்சியாளர் டைம் அவுட் கேட்பார். கிக்கர் நின்று யோசிக்கட்டும், பயம் பிடிக்கட்டும் என்பதுதான் நோக்கம். அதை அவர்கள் கிக்கரை ஐஸ் பண்ணுவது என்கிறார்கள். நம்மூரில் ஐஸ் வைப்பது என்றால் குளிரப் பேசிக் காரியம் சாதிப்பது. அங்கே கால் விறைத்துப் போகச் செய்வது.

தம்பி மூன்று வீடியோ காட்டினார். முதலாவது 2007 செப்டம்பர் 16, டென்வர் அணியும் ஓக்லண்ட் அணியும். கூடுதல் நேர ஆட்டத்தில் ஓக்லண்டின் செபாஸ்டியன் யானிகோவ்ஸ்கி 52 யார்டிலிருந்து, அதாவது சுமார் 47.5 மீட்டரிலிருந்து, உதைக்கிறார். பந்து நடுவே போய்விட்டது, ஓக்லண்ட்காரர்கள் குதிக்கிறார்கள். ஆனால் பந்து எறியப்படுவதற்கு ஒரு கணம் முன்பே டென்வர் பயிற்சியாளர் மைக் ஷனஹான் ஓரத்தில் நின்று டைம் அவுட் வாங்கிவிட்டார். அந்த உதை கணக்கில் வரவில்லை. மறுபடி உதைத்தது கம்பத்தில் பட்டுத் தெறித்தது. டென்வர் 23-20 என்று ஜெயித்தது. ஓரத்தில் நிற்கும் தலைமைப் பயிற்சியாளரே டைம் அவுட் கேட்கலாம் என்று அங்கே விதி வந்தது 2004-ல்தான், இந்த வித்தைக்கு வழி பிறந்தது அதனால்தான்.

அடுத்த வாரமே அதே ஓக்லண்டின் பயிற்சியாளர் லேன் கிஃபின், கிளீவ்லாந்தின் ஃபில் டாசனுக்கு அதைச் செய்தார். முதல் உதை உள்ளே போனது, செல்லவில்லை. இரண்டாவது தடுக்கப்பட்டது. ஓக்லண்ட் 26-24. மூன்றாவது வீடியோ 2019 ஜனவரி 6, சிகாகோவின் கோடி பார்க்கி. 43 யார்டு, பத்து விநாடி பாக்கி. எதிரணி ஃபிலடெல்ஃபியா கேட்ட டைம் அவுட்டுக்குப் பிறகு உதைத்த பந்து கம்பத்தில் பட்டு, குறுக்குக் கம்பியிலும் பட்டு வெளியே விழுந்தது. சிகாகோ 15-16 என்று தோற்று வெளியேறியது.

மண்டபமே கைதட்டியது. நான் தட்டவில்லை. அந்த கிக்கரின் முகத்தில் எங்கள் பிள்ளை முகம்தான் தெரிந்தது.

முதல் நாளின் பெரிய குறை இங்கேதான். மூன்றுமே பலித்த கதைகள். பலிக்காததை ஒன்றுகூடக் காட்டவில்லை. கையில் கொடுத்த குறிப்புத் தாளில் ஓர் ஆய்வு இருந்தது. பெர்ரி, வுட் என்ற இருவர் 2002, 2003 சீசன்களை எண்ணி 2004-ல் எழுதியது. நெருக்கடி நேரத்து நீண்ட உதைகளில், டைம் அவுட்டுக்குப் பிறகு உள்ளே போகும் வாய்ப்பு சுமார் பத்து சதவீதப் புள்ளி குறைகிறது என்று. தாள் அதோடு நின்றுவிட்டது.

அன்று ராத்திரி பெருமாள்புரத்தில் அக்கா வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து போனில் தேடினேன். பிறகு கூடுதல் சீசன்களைச் சேர்த்து எண்ணிய சிலருக்கு அந்த வித்தியாசம் கிடைக்கவில்லை. அவர்கள் எண்ணியதில், டைம் அவுட் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஏறத்தாழ ஒரே கணக்குத்தான். யோசித்தால் காரணமும் புரிகிறது. சுலபமான உதைக்கு யாரும் டைம் அவுட்டைச் செலவழிக்க மாட்டார்கள். தூரமான, நெஞ்சு படபடக்கும் உதைக்குத்தான் கேட்பார்கள். அது எப்படியும் அடிக்கடி தவறக்கூடியது. தவறினால் டைம் அவுட்டுக்குப் பெயர், உள்ளே போனால் யாரும் அதை நினைவில் வைப்பதில்லை.

பலிக்காத கதைகளும் கிடைத்தன. 2007 டிசம்பரில் வாஷிங்டன் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ், பஃபலோவின் ரையன் லிண்டெல் 51 யார்டிலிருந்து உதைக்கப் போகும்போது ஒரு டைம் அவுட் கேட்டார், அடுத்தபடியே இன்னொன்றும் கேட்டார். அப்படிக் கேட்க விதி இடம் தராது. 15 யார்டு தண்டனை. 51 யார்டு 36 ஆனது, லிண்டெல் உதைத்தார், பஃபலோ 17-16 என்று ஜெயித்தது. 2011-ல் டாலஸ் பயிற்சியாளர் ஜேசன் கேரட் தன் சொந்த கிக்கர் டான் பெய்லி உதைக்கப் போகும் கணத்திலேயே டைம் அவுட் கேட்டுவிட்டார். 49 யார்டு, பந்து உள்ளே போயிருந்தது. திரும்ப உதைத்தது போகவில்லை. கூடுதல் நேரத்தில் அரிசோனா 19-13. அப்புறம் அந்தப் பார்க்கி உதை. பந்து எழும்பும்போதே ஃபிலடெல்ஃபியா வீரர் ஒருவரின் விரல் அதில் பட்டிருக்கிறது. பயத்தால் தவறிய உதை என்று அதை எப்படிச் சொல்ல முடியும்?

ஞாயிறு காலை இதையெல்லாம் தம்பியிடம் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. "டீச்சர் சொல்றது சரிதான், நான் பாதியத்தான் காட்டினேன்" என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டு, அரை மணி நேரம் அதற்கே ஒதுக்கினார். இந்த ஒன்றுக்காகவே அவருக்கு என் மதிப்பு உயர்ந்தது. அந்த அரை மணியில்தான் மண்டபம் நிஜமாகப் பேசத் தொடங்கியது. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கபடி அண்ணாச்சி ஒருவர் எழுந்தார், நாற்பது வருஷம் களத்தில் நின்றவர். "நீங்க கேக்குத முப்பது செகண்டுல எதிராளி ரைடரு மூச்சு வாங்கிக்கிடுவாம்லா? களைச்சவனுக்குத் தண்ணி குடுத்து அனுப்புத மாதிரில்லா ஆயிரும் டீச்சரம்மா" என்றார். கிக்கருக்கும் அதேதான். சீட்டி தாமதமாக வந்தால் செல்லாத உதை ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

கால்பந்துப் பகுதியில் ஒரு தவறு நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெனால்டியின்போது கோல்கீப்பர் நேரம் கடத்தலாம், குறுக்குக் கம்பியைத் தட்டி ஆட்டலாம் என்று ஸ்லைடில் இருந்தது. 2022 உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினா கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் பந்தைத் தூக்கி எறிந்தது, பிறகு பிரான்ஸின் சுவாமெனி வெளியே அடித்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் 2023-24 முதல், உதையைத் தாமதப்படுத்துவது, கம்பத்தையோ வலையையோ தொடுவது போன்ற நியாயமற்ற திசைதிருப்பல்கள் கூடாது என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள். கடற்கரை ஊர்த் தம்பி ஒருவர் எழுந்து அதைச் சொன்னார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முகாமில் பழைய விதி இருக்கக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சனிக்கிழமை சொதி, இஞ்சித் துவையல், கல்லிடைக்குறிச்சி அப்பளம். தேங்காய்ப்பாலில் தண்ணீர் கூட்டாமல் வைத்த சொதி, கல்யாண வீட்டுப் பக்குவம். ஞாயிற்றுக்கிழமை சாம்பார் சாதம், அது சாதாரணம்தான்.

மண்டபத்தில் திரைக்கு எதிரே ஜன்னல். பத்து மணிக்கு மேல் வெயில் விழுந்து வீடியோ வெளிறிப் போனது, ஒரு போர்வையைக் கட்டிச் சமாளித்தார்கள். பெண்கள் கழிப்பறை பின்கட்டில் பூட்டிக் கிடந்தது, சாவி வைத்திருந்தவர் பதினொன்றரைக்குத்தான் வந்தார். நாங்கள் நான்கு பேரும் அதுவரை தண்ணீரே குடிக்கவில்லை. நான்கு பேர்தான் வந்தார்கள் என்று நடத்தியவர்கள் வருத்தப்பட்டார்கள். இப்படி இருந்தால் நான்கு பேர்தான் வருவார்கள்.

இனி இந்த முகாமின் சிறந்த பகுதி. ஞாயிறு பிற்பகல், வெயில் தாழ்ந்ததும் மைதானப் பயிற்சி. பாளையில் ஒரு பள்ளிக்கூடத்து வாலிபால் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் சர்வீஸ் போட வேண்டும், நடுவில் தம்பி சீட்டி ஊதி முப்பது விநாடி நிறுத்துவார். ரெஃப்ரி சீட்டி கொடுத்து எட்டு விநாடிக்குள் போட்டாக வேண்டிய ஆட்டத்தில் முப்பது விநாடி நீளமான நேரம். நிறுத்திய நேரத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்று கவனிக்கச் சொன்னார். எங்களில் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளைக்குப் பொறுப்பு.

சும்மா நின்ற பிள்ளைகள் வழக்கம்போலப் போட்டார்கள். "ஓரத்துல நிக்கவள பாத்துப் போடு" என்று இடம் சொல்லப்பட்டவர்களும் அப்படியே. என் பக்கத்தில் நின்றவளிடம் அவள் தோழி ஒருத்தி ஓடிவந்து, "ஏட்டி, நெட்ல மட்டும் போட்டுராத" என்று சொல்லிவிட்டுப் போனாள். இவள் போட்டாள். நெட்டில்தான் விழுந்தது. திரும்ப ஒருமுறை வேறொருத்திக்கு அதே வார்த்தை, அதே நெட்.

ஒன்றிரண்டு பந்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் என் வயிற்றில் ஏதோ புரண்டது. குறுவட்டப் போட்டியில் அந்த முப்பது விநாடியில் நான் என்ன சொன்னேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் தோளைப் பிடித்து, "பாத்து மக்களே, நெட்ல விட்டுராத, இதுதான் முக்கியம்" என்றேன். எதிர்ப்பக்கத்து மாஸ்டர் நேரத்தைத்தான் கேட்டு வாங்கினார். அந்த நேரத்துக்குள் பயத்தைக் கொண்டுவந்து வைத்தது நான். திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டு அதைச் சொன்னேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க அப்படிச் சொன்னது எனக்குக் கேக்கவே இல்ல டீச்சர்" என்றாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாளா, நிஜமா, தெரியவில்லை.

போன மாதம் இட்டமொழிப் பக்கம் ஒரு நட்பு ஆட்டம். 22-21, அவள் சர்வீஸ், அந்தப் பக்கம் டைம் அவுட். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். "அஞ்சாம் நம்பர்க்காரி பின்னால தள்ளி நிக்கா, அவளுக்கு முன்னால விழுத மாதிரி போடு" என்று மட்டும் சொன்னேன். பந்து நெட்டைத் தாண்டிச் சரியாக அங்கேதான் விழப் போனது. அந்தப் பிள்ளை பாய்ந்து எடுத்துவிட்டாள். நீண்ட ராலி, கடைசியில் பாயிண்ட் அவர்களுக்கு. எங்கள் பிள்ளை கையைத் தட்டிக்கொண்டு தன் இடத்துக்கு ஓடினாள், முகத்தில் அழுகை இல்லை.

1,500 ரூபாய்க்கு இந்த முகாம் தகுமா என்று கேட்டால், இரண்டாம் நாளுக்குத் தாராளமாகத் தகும். முதல் நாளைப் பாதியாகக் குறைத்து, பலிக்காத ஆட்டங்களையும் சேர்த்துக் காட்டி, மைதான நேரத்தைக் கூட்ட வேண்டும். நோட்டீஸில் போட்டிருக்கும் அந்த "எதிரணியை உறையவைக்கும்" என்ற வார்த்தையை எடுத்துவிட வேண்டும். அதை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். தன் பிள்ளைகளிடம் முப்பது விநாடியில் என்ன பேசுவது என்று படிக்கப் போகிறவர்கள் யோசிக்காமல் போகலாம். கபடி, வாலிபால் மாஸ்டர்களுக்கு அதிகம் பயன்படும். கால்பந்துக்காரர்கள் விதிப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

அடுத்த முகாம் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு என்றார்கள். மைதானத்தில் நிழல் கிடையாது, தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் போவதானால் முதல் நாளே போன் போட்டு, பின்கட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது, எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.