ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் குடுக்குற எல்டிஇ பாக்ஸ்: ஹோம்வொர்க்குக்கு ஓகே, அதுக்கு மேல ஆசைப்படாதீங்க

அமெரிக்கால பசங்கள பப்ளிக் ஸ்கூல்ல போட்டிருக்குறவங்களுக்கு இது யூஸ் ஆகும். சில ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல (ஏரியா பப்ளிக் ஸ்கூல்கள நடத்துற அமைப்பு) ஸ்கூல் மாடியிலயே ஆன்டெனா வச்சு, சொந்தமா ஒரு எல்டிஇ நெட்வொர்க் (போன்ல வர 4ஜி தான்) ஓட்டி, பசங்க வீட்டுக்கு அந்த நெட்ட பிடிக்கிற ஒரு குட்டி பாக்ஸ் குடுக்குறாங்க. யூட்டாவுல மர்ரே சிட்டி, கலிஃபோர்னியால ஃப்ரெஸ்னோ எல்லாம் இப்படி பண்ணவங்க தான். எங்க டிஸ்ட்ரிக்ட் முதல்ல செல்போன் கம்பெனி ஹாட்ஸ்பாட் குடுத்துச்சு, அப்புறம் இதுக்கு மாறுச்சு. ரெண்டுல பாக்ஸ் தான் பெட்டர், ஆனா வீட்டுல அத எங்க வைக்கிறீங்கங்கறத பொறுத்து தான் அது நெட்டா இல்ல சும்மா லைட் எரியுற டப்பாவான்னு தெரியும்.

ஹாட்ஸ்பாட்ல பெரிய தலைவலி டேட்டா லிமிட். மாசக் கடைசில ஸ்பீட் படுத்துடும், வீடியோ கிளாஸ் எல்லாம் சுத்திக்கிட்டே இருக்கும். பாக்ஸ்ல அந்த கதையே இல்ல, நெட்வொர்க் அவங்களோடதுங்கறதால எங்க டிஸ்ட்ரிக்ட் லிமிட்டே வைக்கல.

இது ஓடுறது சிபிஆர்எஸ்னு ஒரு அலைவரிசை பேண்ட்ல, 3550ல இருந்து 3700 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். நேவி ரேடார் யூஸ் பண்ற இடம் அது. அலைவரிசைய கட்டுப்படுத்துற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்சிசி அத மூணு தட்டா பிரிச்சு, ரேடாருக்கு முதல் மரியாதை, ஏலத்துல காசு குடுத்து எடுத்தவங்க ரெண்டாவது, மிச்சம் இருக்குறது லைசென்ஸ் வாங்காமயே யார் வேணா யூஸ் பண்ணலாம்னு வச்சிருக்கு. யார் எந்த சேனல்ல ஓடணும்னு ஒரு சென்ட்ரல் சர்வர் சொல்லிக்கிட்டே இருக்கும். 2020 ஜனவரில தான் முழுசா திறந்து விட்டாங்க. அலைவரிசைக்குன்னு காசு கொட்ட வேண்டாம்ங்கறதால தான் ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டால இத நினைச்சே பாக்க முடியுது. இதுல கடுப்பான விஷயம், 1963லயே ஸ்கூல்களுக்குன்னு 2.5 கிகாஹெர்ட்ஸ்ல இடம் ஒதுக்கி வச்சிருந்தாங்க, நிறைய பேர் அத போன் கம்பெனிக்கு லீசுக்கு விட்டாங்க, 2019ல அது படிப்புக்கு தான்ங்கற கண்டிஷனையே எஃப்சிசி தூக்கிடுச்சு. கைல இருந்தத குடுத்துட்டு இப்ப ரேடார் கூட இடம் ஷேர் பண்ணிக்கிட்டு இருக்கோம்!

சரி பாக்ஸுக்கு வரேன். 3.5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் சுவத்துக்குள்ள நுழையவே அழும். ஹால் நடுவுல டிவி பக்கத்துல வச்சா வேஸ்ட், ஸ்கூல் இருக்குற பக்கத்து ஜன்னல்ல வைங்க. அதுலயும் புது அபார்ட்மென்ட் ஜன்னல் கண்ணாடில வெயில் சூடு உள்ள வராம இருக்க மெல்லிசா மெட்டல் கோட்டிங் குடுத்திருப்பாங்க, அதுவே சிக்னல தடுக்கும். நடுவுல பெரிய மரம் இருந்தா குளிர்காலத்துல நல்லா ஓடினது இலை வந்ததும் மக்கர் பண்ணும். பாக்ஸோட செட்டிங்ஸ் பேஜ்ல ஆர்எஸ்ஆர்பின்னு சிக்னல் எவ்ளோ ஸ்ட்ராங்னு காட்டுற ஒரு நம்பர் இருக்கும், மைனஸ் 95 பக்கம் வந்தா ஜாலி, மைனஸ் 115 தாண்டினா நம்பாதீங்க. அந்த நம்பர பாத்துக்கிட்டே ஜன்னல் ஜன்னலா தூக்கிட்டு நடந்தா தான் சரியான இடம் கிடைக்கும், பாக்ஸோட வர பேப்பர்ல இத பத்தி ஒரு வரி கூட இல்ல.

ஸ்பீட பொறுத்தவரைக்கும் டவுன்லோட் போதும் போதும்னு இருக்கு, அப்லோட் தான் சோகம். கேமரா ஆன் பண்ணி குரூப் கால்ல உக்காந்தா பையன் மூஞ்சி கட்டம் கட்டமா தெரியும். சாயங்காலம் ஏரியா பசங்க எல்லாரும் ஒரே நேரத்துல உக்காருவாங்க, ஒரே ஆன்டெனாவ தான் எல்லாரும் பங்கு போட்டுக்கறாங்க, அப்ப இன்னும் மந்தம்.

இன்னொன்னு, இது உங்க வீட்டு நெட் கிடையாது. 2000ல வந்த சிபான்னு ஒரு சட்டம் இருக்கு, நெட்டுக்கு ஃபெடரல் காசு வாங்குற ஸ்கூல், பசங்களுக்கு ஆகாத விஷயத்த தடுக்குற ஃபில்டர் போட்டே ஆகணும்னு. அதனால பாக்ஸுலயும் ஸ்கூல் ஃபில்டர் தான். எங்க டிஸ்ட்ரிக்ட்ல அவங்க குடுத்த குரோம்புக் மட்டும் தான் கனெக்ட் ஆகும், என் ஆஃபீஸ் லேப்டாப் பக்கத்துல கூட போக முடியாது. ஹெல்ப் டெஸ்க்க பத்தி என்ன சொல்றது, நாலு மணிக்கு மூடிடறாங்க, ஹோம்வொர்க் ஆரம்பிக்கறதே ஏழு மணிக்கு.

காசு விஷயமும் பாக்கணும். கோவிட் நேரத்துல ஹாட்ஸ்பாட்டுக்கெல்லாம் காசு குடுத்த 7 பில்லியன் டாலர் எமர்ஜென்சி ஃபண்ட் 2024 ஜூன்ல முடிஞ்சு போச்சு. நிறைய குடும்பத்துக்கு நெட் பில்லுல மாசம் 30 டாலர் வரைக்கும் குறைச்ச ஏசிபிங்கற அரசு திட்டமும் அதே நேரத்துல காலி. அதுக்கப்புறம் ஈ-ரேட் (ஸ்கூல், லைப்ரரி நெட் செலவுக்கு உதவுற ஃபெடரல் திட்டம்) காசுல ஹாட்ஸ்பாட் குடுக்கலாம்னு 2024 ஜூலைல சொன்ன எஃப்சிசி, 2025 செப்டம்பர்ல அதையும் திருப்பி எடுத்துடுச்சு. மாச வாடகை கட்டுற ஹாட்ஸ்பாட் தான் முதல்ல அடி வாங்கும், சொந்த ஆன்டெனா உடனே மறைஞ்சிடாது. ஆனா அதுக்கும் சாஃப்ட்வேர் லைசென்ஸ், அந்த சேனல் சர்வருக்கு ஃபீஸ், பாத்துக்க ஒரு ஆள்னு செலவு வருஷா வருஷம் இருக்கு. போர்டு மீட்டிங் போறவங்க இந்த செலவு எந்த பட்ஜெட்ல இருக்குன்னு கேளுங்க, எங்க ஊர்ல கேட்டதுக்கு நேரா பதில் வரல.

வீட்டுல வேற நெட்டே இல்லன்னா யோசிக்காம வாங்கிக்கோங்க. ஏற்கனவே கேபிள் நெட் இருந்தா இத நம்பி கட் பண்ணிடாதீங்க. வருஷக் கடைசில திருப்பி குடுக்கறப்ப சார்ஜரையும் சேத்து குடுங்க, அதுக்கு தனியா காசு கேக்குறாங்க.