பயாஸ் அப்டேட் செய்ய நான்கு வழிகள்: பாதியில் நின்றால் எது கைகொடுக்கும்?

மதர்போர்டில் எட்டுக் கால்களோடு, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு சிப் இருக்கும். கொள்ளளவு பெரும்பாலும் 16 எம்பி அல்லது 32 எம்பி. பவர் பட்டனை அழுத்தியதும் கணினி தன் முதல் கட்டளைகளை எடுப்பது அதிலிருந்துதான். அந்தத் தொடக்க நிரல்தான் பயாஸ். பயாஸ் அப்டேட் என்பது அந்தச் சிப்பை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும் வேலை. அழித்ததற்கும் எழுதி முடிப்பதற்கும் இடையில் மின்சாரம் போனாலோ எழுதும் நிரல் உறைந்துபோனாலோ, அடுத்த முறை படிப்பதற்குச் சிப்பில் உருப்படியாக எதுவும் இருக்காது. அதனால் எந்த வழி சுலபம் என்று கேட்பதைவிட, எந்த வழியில் போனால் திரும்பி வர முடியும் என்று கேட்பதே சரி.

அப்டேட் தேவையா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். புதிய பிராசஸர் போடப்போகிறீர்கள் என்றால் தேவை. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் வைத்திருந்தால் கட்டாயம் தேவை: மின்னழுத்தக் கோளாறைச் சரிசெய்யும் மைக்ரோகோடு (பிராசஸருக்கான திருத்த நிரல்) 2024 ஆகஸ்டிலிருந்து பயாஸ் வழியாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. 2023 டிசம்பரில் வெளியான லோகோஃபெயில் போன்ற பாதுகாப்பு ஓட்டைகளுக்கும் இதே மருந்துதான். இவை எதுவும் இல்லை, கணினி ஒழுங்காக ஓடுகிறது, ரேம் தகராறும் இல்லை என்றால் அவசரப்பட வேண்டியதில்லை.

செட்டப் கருவியா, ஃபிளாஷ்பேக் பட்டனா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

செட்டப் என்பது பயாஸின் அமைப்புத் திரை. செட்டப் கருவி பயாஸுக்குள்ளேயே இருப்பது. ஆசுஸ் அதை ஈசி ஃபிளாஷ் என்கிறது, எம்எஸ்ஐ எம்-ஃபிளாஷ் என்கிறது, கிகாபைட்டில் க்யூ-ஃபிளாஷ், ஆஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃபிளாஷ். பென் டிரைவில் கோப்பை வைத்து, செட்டப்புக்குள் போய், கோப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். இதன் பெரிய பலம், எழுதுவதற்கு முன் கோப்பு இந்த மாடலுக்கு உரியதுதானா என்று பார்த்து, இல்லையென்றால் மறுத்துவிடுவது. இயங்குதளமோ ஆன்டிவைரஸோ டிரைவரோ குறுக்கே வராது. எத்தனை சதவீதம் முடிந்தது என்பதும் திரையில் தெரியும்.

பலவீனம் ஒன்று உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. கருவி கோப்பை முதலில் ரேமில் ஏற்றிக்கொண்டுதான் சிப்பில் எழுதுகிறது. எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற கூடுதல் வேக அமைப்பில் ரேம் தள்ளாடிக்கொண்டிருந்தால், எழுதும் தரவும் கெடலாம், எழுதும் நிரலே நடுவில் நிற்கலாம். எனவே முதலில் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ் (போர்டின் இயல்பு அமைப்புகள்) ஏற்றி, சேமித்து, மறுதொடக்கம் செய்து, திரும்பவும் செட்டப்புக்குள் வந்த பிறகே ஃபிளாஷ் செய்ய, அதாவது சிப்பில் எழுத, வேண்டும். டிஃபால்ட்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்யாமல் அப்படியே ஃபிளாஷ் கருவிக்குள் போனால் ரேம் பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

ஃபிளாஷ்பேக் வேறு வகை. போர்டில் இதற்கென்று ஒரு தனிக் கன்ட்ரோலர் இருக்கிறது. அதுவே பென் டிரைவைப் படித்து, அதுவே சிப்பில் எழுதுகிறது. பிராசஸர் வேண்டாம், ரேம் வேண்டாம், கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டாம். 24 பின் கேபிளும் பிராசஸருக்கான 8 பின் கேபிளும் செருகப்பட்டு, சப்ளையின் சுவிட்ச் ஆனில் இருந்தால் போதும். 2020 நவம்பரில் ரைசன் 5000 வந்த பிறகு இதன் அருமை தெரிந்தது. பழைய பயாஸ் உள்ள பி450 போர்டில் அந்தப் பிராசஸரைப் போட்டால் திரை வராது. திரை வராமல் செட்டப்புக்குள் எப்படிப் போவது? ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தவர்களுக்கு அது ஒரு பிரச்சினையாகவே இல்லை. இல்லாதவர்கள் பழைய பிராசஸர் ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டு அப்டேட் செய்ய வேண்டியிருந்தது.

பட்டனின் குறை, அது பேசாது என்பது. ஒரு எல்இடி விளக்கை வைத்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்ள வேண்டும். ஆசுஸ் போர்டில் நடப்பதைப் பாருங்கள். கணினி அணைந்திருக்க, பின்பக்கத்தில் பயாஸ் என்று குறித்திருக்கும் யுஎஸ்பி துளையில் பென் டிரைவைச் செருகி, பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். விளக்கு மூன்று முறை மின்னியதும் விரலை எடுத்துவிடலாம். எழுதும்போது மின்னிக்கொண்டே இருக்கும், முடிந்ததும் அணையும். மாறாக, ஐந்து விநாடி மின்னிவிட்டு அணையாமல் அப்படியே எரிந்தால் வேலை தொடங்கவில்லை என்று அர்த்தம். இது நல்ல செய்திதான்: சிப்பில் இன்னும் கை வைக்கவில்லை.

அப்படி நின்றால் காரணம் அநேகமாக இவற்றில் ஒன்றாக இருக்கும். பென் டிரைவின் ஃபார்மட் ஃபேட்32 ஆக இல்லாமல் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக இருக்கும். கோப்பு ஏதோ ஃபோல்டருக்குள் இருக்கும். வேறு துளையில் செருகியிருப்பீர்கள். அல்லது கோப்பின் பெயர் தவறு. எம்எஸ்ஐ, கிகாபைட் போர்டுகள் நிறுவனத்தின் பெயரையே கோப்புப் பெயராகக் கேட்கும், ஆஸ்ராக்கில் 'கிரியேட்டிவ்' என்று வைக்க வேண்டும். விரிவு (பெயரில் புள்ளிக்குப் பின் வரும் பகுதி) எம்எஸ்ஐக்கும் ஆஸ்ராக்குக்கும் 'ரோம்', கிகாபைட்டுக்கு 'பின்'. ஆசுஸ் மாடலுக்கு மாடல் வேறு பெயர் கேட்பதால், ஜிப்புக்குள்ளேயே பெயர் மாற்றும் சிறு நிரலையும் வைத்துவிடுகிறது. விண்டோஸ் விரிவுகளை மறைத்து வைத்திருக்கும் நிலையில் பெயர் மாற்றினால், புது விரிவுக்குப் பின்னால் பழைய விரிவும் ஒட்டிக்கொண்டிருக்கும். பெயர் சரியாகத்தான் இருக்கிறது என்று கண் சொல்லும், கன்ட்ரோலர் கோப்பே இல்லை என்று சொல்லும். வியூ மெனுவில் விரிவுகளைக் காட்டச் சொல்லிவிட்டுப் பெயர் மாற்றுங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட பென் டிரைவைத் தவிர்த்தால் ஃபேட்32 சிக்கலும் இல்லை.

பட்டன் கோப்பைப் பெயரை வைத்தே தேடுகிறது. செட்டப் கருவி செய்யும் அளவுக்கு மாடல் சரிபார்ப்பை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். வைஃபை உள்ள மாடல், இல்லாத மாடல், திருத்தம் 1.0, திருத்தம் 1.2 என்று ஒரே பெயரில் பல போர்டுகள் உண்டு. கிகாபைட்டில் திருத்த எண் போர்டின் மூலையிலேயே அச்சிட்டிருக்கும்; கேபினெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் படித்துவிடுங்கள். இன்னொன்று: பல போர்டுகளில் ஃபிளாஷ்பேக் பட்டனும் சிமாஸை (செட்டப் அமைப்புகளின் நினைவகத்தை) அழிக்கும் பட்டனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அழுத்துமுன் எழுத்தைப் பாருங்கள்.

எங்கள் தேர்வு இது. கணினி நன்றாக ஓடும்போது செட்டப் கருவி. ஆனால் தொடங்குவதற்கு முன், ஃபிளாஷ்பேக்குக்கான பெயரோடு அதே கோப்பை வைத்து இரண்டாவது பென் டிரைவ் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். கணினி செத்த பிறகு இன்னொரு கணினியைத் தேடி அலைய வேண்டியிருக்காது. திரையே வராத நிலையிலும், பிராசஸர் இன்னும் கைக்கு வராத நிலையிலும் பட்டன்தான் வழி. புதிதாகப் போர்டு வாங்குபவர்கள் ஃபிளாஷ்பேக் இல்லாத போர்டை ஒதுக்கிவிடலாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. இரண்டு சிப் வைத்த டூயல் பயாஸ் போர்டுகளும் மீள உதவும், ஆனால் புதிய பிராசஸருக்காக அப்டேட் செய்யும்போது இரண்டாம் சிப்பில் பழைய பதிப்பே இருந்தால் பயன் குறைவு.

விண்டோஸிலிருந்து

போர்டு நிறுவனங்களின் விண்டோஸ் நிரல்களில் சில, கோப்பை இறக்கி வைத்துவிட்டு மறுதொடக்கம் செய்து, எழுதும் வேலையைச் செட்டப் கருவியிடம் ஒப்படைக்கின்றன. அது பரவாயில்லை. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிப்பில் எழுதும் நிரலை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். நீலத்திரையோ, உறக்க நிலையோ, தானாகக் கிளம்பும் மறுதொடக்கமோ அந்தச் சில நிமிடங்களில் வந்தால் போதும். லினக்ஸின் எஃப்டபிள்யூஅப்டி (fwupd) அப்டேட் முறை நன்றாக வடிவமைக்கப்பட்டது, எழுதுவது மறுதொடக்கத்துக்குப் பிறகுதான் நடக்கும். ஆனால் அது பெரும்பாலும் மடிக்கணினிகளுக்கும் நிறுவனத் தயாரிப்புக் கணினிகளுக்கும்தான் பயன்படுகிறது; தனியாக விற்கும் மதர்போர்டுகளுக்கு அதில் கோப்பு கிடைப்பது அரிது.

கடைசி வழி: புரோகிராமர்

போர்டு செத்துவிட்டது, பட்டனும் இல்லை, இரண்டாம் சிப்பும் இல்லை. அப்போது சிப்பில் வெளியிலிருந்து நேரடியாக எழுதும் சிஎச்341ஏ போன்ற புரோகிராமரும் எட்டுக் கால் கிளிப்பும் வேண்டும். சப்ளை கேபிள்களைக் கழற்றி, சிஆர்2032 பேட்டரியையும் எடுத்துவிட்டு, சிப்பின் மேல் புள்ளி இருக்கும் மூலையில் கிளிப்பின் சிவப்பு வயர் வரும்படி பொருத்த வேண்டும். சிப் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று அதன் எண்ணைத் தேடிப் பார்க்காமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். ஏஎம்4 போர்டுகள் சிலவற்றில் 1.8 வோல்ட் சிப் உண்டு, அதற்குத் தனி அடாப்டர் தேவை. மலிவான கருப்பு நிறப் புரோகிராமர்கள் தரவுக் கால்களில் 5 வோல்ட் அனுப்புவதும் தெரிந்த குறைதான்.

எழுதும் முன் பழைய உள்ளடக்கத்தை இரண்டு முறை படித்துச் சேமித்து, இரண்டு கோப்புகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். வேறுபட்டால் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை. நெட்வொர்க் போர்ட்டின் மேக் முகவரி, சீரியல் எண் போன்றவை அந்தச் சிப்பிலேயே இருக்கலாம்; வெற்றுக் கோப்பை எழுதினால் அவை போய்விடும். இறக்கிய கோப்பு 'கேப்' வகையாக இருந்தால் அதன் தலைப்பகுதியை நீக்கி, சிப்பின் அளவுக்கு அச்சொட்டாகக் கொண்டு வந்த பிறகே எழுத வேண்டும். இதில் எந்த வரியாவது புரியவில்லை என்றால் போர்டை ரிப்பேர் செய்பவரிடம் கொடுப்பதே நல்லது.

எந்த வழியானாலும்

டிரைவைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பாருங்கள். நீங்களாகப் போடாவிட்டாலும் விண்டோஸ் 11 டிவைஸ் என்கிரிப்ஷனைத் தானாக இயக்கியிருக்கலாம். மீட்புச் சாவியை வேறு இடத்தில் எழுதிவைத்து, அப்டேட்டுக்கு முன் அதை இடைநிறுத்துங்கள். டிரைவை முழுவதும் டிகிரிப்ட் செய்ய வேண்டியதில்லை. ஏஎம்டி கணினியில் எஃப்டிபிஎம் (பூட்டுச் சாவிகளைக் காக்கும் பகுதி) மாறியதாகச் சொல்லி ஒய் (Y) அல்லது என் (N) கேட்டால், சாவி கையில் இல்லாமல் ஒய் அழுத்தாதீர்கள்.

பயாஸ் பக்கத்தில் இருக்கும் குறிப்புகளையும் படியுங்கள். சில போர்டுகளுக்கு இடைப்பட்ட பதிப்பு ஒன்றை முதலில் போட வேண்டும், சில பதிப்புகளிலிருந்து பழையதற்குத் திரும்ப முடியாது, 16 எம்பி சிப்பில் இடமில்லாமல் பழைய பிராசஸர்களின் ஆதரவை நீக்கிய பதிப்புகளும் உண்டு. நிறுவனம் ஷா-256 எண் (கோப்பு மாறாமல் வந்ததா என்று பார்க்கும் எண்) தந்திருந்தால் இறக்கிய கோப்போடு ஒப்பிடுங்கள்.

செட்டப் பக்கங்களை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேமித்து வைத்த புரொஃபைல் புதிய பதிப்பில் பெரும்பாலும் ஏறாது. குறிப்பாகச் சேட்டா முறையை (டிஸ்க்குகளைக் கையாளும் விதத்தை) குறித்துவையுங்கள்: ரெய்டு அல்லது விஎம்டியில் இருந்தது ஏஹெச்சிஐக்கு மாறிவிட்டால் விண்டோஸ் கிளம்பாது, அப்டேட் கெட்டுவிட்டது என்று தோன்றும். பழைய முறையைத் திரும்ப வைத்தால் கிளம்பிவிடும்.

எழுதி முடிந்த பின் கணினி இரண்டு மூன்று முறை தானாக அணைந்து எழலாம். டிடிஆர்5 ரேம் என்றால் முதல் தடவை கருப்புத் திரையிலேயே பல நிமிடங்கள் நிற்கும். ரேம் பயிற்சி, அதாவது ரேமுக்கு ஏற்ற நேர அமைப்புகளைப் போர்டு கண்டுபிடிக்கும் வேலை, நடக்கிறது. போர்டில் ரேமைக் குறிக்கும் டிராம் விளக்கு எரிந்தாலும் கால் மணி நேரம் பொறுங்கள். அதற்குப் பிறகும் திரை வரவில்லை என்றால் அணைத்து, மின்கேபிளை உருவி, சிமாஸை அழித்து, ஒரே ஒரு ரேம் குச்சியோடு முயன்று பாருங்கள். அதுவும் பலிக்காதபோதுதான் அந்த இரண்டாவது பென் டிரைவுக்கு வேலை.